கடல் பக்கத்துக் கதவு

இதை எடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும் சரி, கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டிவிடாதீர்கள். அப்பா கண்ணில் மட்டும் பட்டுவிடவே கூடாது. இது உங்களுக்கு எழுதியதும் இல்லை. இனி வர முடியாத ஒருத்திக்கு எழுதுகிறேன். மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

உனக்குத்தான் எழுதுகிறேன். பேரை எழுதவில்லை. எழுதினால் அழுதுவிடுவேன், அம்மா பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறாள். அப்பா இன்னும் தூங்கவில்லை. கூடத்திலிருந்து புளி வாடை வருகிறது, மெடல்களைத் துலக்குகிறார் போலிருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களின் ஜூலை அணிவகுப்புக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது. அவர் எதற்காக எதைச் செய்கிறார் என்று கேட்கும் தைரியம் எனக்கு எப்போது இருந்தது?

பேனா தேடும்போது ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து உன் ஈயக்குண்டு உருண்டு விழுந்தது. வலை கடலுக்குள் நிற்பதற்காக அடிக்கயிற்றில் கோப்பார்களே, அது. இடது கையில் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நீ அதைக் கொடுத்தது நாங்கள் உங்கள் பிள்ளைச்சாவடிக் குப்பத்துக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் பங்கு இளைஞர் குழுவோடு மாதா கோயில் வேனில் ஏறி வந்திருந்தேன். சுனாமியில் போன வீடுகளைக் கட்டித் தருவதற்காக. மத்தியானம் எல்லோரும் கடலைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள், நான் மட்டும் திரும்பி உட்கார்ந்திருந்தேன். சுனாமி வந்த காலையில் நானும் அப்பாவும் கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தோம். அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியதில் வளையல் உடைந்து மணிக்கட்டில் குத்தியது. அந்தத் தழும்பை நீதான் முதலில் கவனித்தாய்.

"இன்னாடி, கடலோட சண்டையா? முதுகக் காட்டிக்கினு ஒக்காந்துருக்க?"

"பயமா இருக்கு."

"எங்க வூட்டையே எடுத்துக்கினு போச்சு. நானே அதுகிட்ட பேசிக்கினுதான் இருக்கேன். ஒனக்கு இன்னா வந்துச்சு?"

அப்புறம்தான் கிழிந்த வலையிலிருந்து இந்தக் குண்டைப் பிய்த்து என் உள்ளங்கையில் வைத்தாய். "பயம் வந்தா இதப் புடிச்சிக்க. அவ்ளோ பெரிய வலையையே நிக்க வைக்குது. ஒன்ன நிக்க வைக்காதா?"

அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று தெரிந்ததும் நான் 'சொல்தா வூட்டுப் பொண்ணு' ஆகிவிட்டேன். சும்மாடு இல்லாமல் கலவைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நான் தள்ளாடியபோது, உன் தாவணியைச் சுருட்டி என் தலையில் வைத்துக் கத்தினாய்: "சொல்தா வூட்டுப் பொண்ணுக்கு மெத்த போட்டாச்சு! இப்ப ஏத்துங்கடி!" கொத்தனார்கூட கரணையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

உன் வீட்டுச் சுவர் இடுப்புயரம் வந்த பிறகுதான் அந்தச் சண்டை. வீடுகளுக்கு வரைபடம் போட்டவர் எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு பெரியவர், மரியாதைக்கு முசே என்போம், மராமத்து இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். உங்கள் வீடுகளுக்கெல்லாம் கடல் பக்கம் வெறும் சுவர், வாசல் ரோட்டுப் பக்கம் என்று போட்டிருந்தார். அது சரியென்றுதான் நாங்கள் எல்லோருமே நினைத்தோம். கடல் கண்ணில் படாமல் இருந்தால் உங்களுக்கு நிம்மதி என்று டவுனில் உட்கார்ந்து பேசி முடிவு செய்திருந்தோம்.

"முசே, கடலுக்குப் போற வழி எங்க?" என்று கேட்டாய்.

"ஒங்க நல்லதுக்குத்தாம்மா. அதப் பாக்காம இருந்தாத்தான் ராத்திரி தூக்கம் வரும்."

"எங்க அப்பாவோட போட்டு கரைக்கு வர்றதப் பாக்கலன்னாதான் எங்க அம்மாவுக்குத் தூக்கம் வராது. வூட்டச் சுத்திக்கினு ஓடியா பாக்கறது?"

முசே தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். சுவரை இடித்து வழி விடலாம், ஆனால் வீட்டுக்கு ஒரு கதவுதான் வந்திருக்கிறது என்றார். அப்போது என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது: "எங்க வீட்டுத் தோட்டத்துல பழைய கதவு ஒண்ணு சும்மா கெடக்கு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அப்பாவிடம் யார் கேட்பது? நீதான் கேட்டாய். மூன்று சக்கர வண்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்று, நேராக அவரிடம். அவர் எழுந்து தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். தேக்கு மரக் கதவு, நடுவில் தட்டுவதற்கு ஒரு பித்தளை வளையம், பச்சை பிடித்துக் கிடந்தது. நீ அதைத் தூக்கித் தூக்கி அடித்தாய். டங், டங். தெருவே திரும்பிப் பார்த்தது.

"எங்க தெருவுல யாரும் கதவத் தட்ட மாட்டாங்க மாமா. பேரச் சொல்லிக் கூவிக்கினே உள்ள வந்துடுவாங்க. அதனால நீங்கதான் வந்து மொதல்ல தட்டணும்."

அப்பா சிரித்தார். அவருக்கு இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல் இல்லை என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

"திருகு ஆடுது. இது என்கிட்ட இருக்கட்டும். சரி பண்ணி நானே எடுத்துக்கினு வரேன்" என்று வளையத்தை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார்.

"மெர்சி, மாமா!" என்று சலாம் வைத்தாய். அந்த ஒரு பிரெஞ்சு வார்த்தையை வேனில் வந்த பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டு அதற்காகவே வைத்திருந்தாய் போல.

கடல் பக்கம் நிலை வைத்த அன்று எங்கள் பங்குச் சாமியார் வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். அவர் முடிக்கும்வரை மஞ்சள் கிண்ணத்தோடு பொறுத்திருந்த உன் அம்மா, ஈரம் காய்வதற்குள் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். சாமியார் ஒதுங்கி இடம் விட்டார். "ஒங்க மாதா ஒரு பக்கம், எங்க அம்மன் ஒரு பக்கம் புடிச்சிக்கினா நெல ஆடவே ஆடாதுடி" என்று என் காதில் சொன்னாய். ரோட்டில் நின்று பார்த்தபோது உன் வீட்டுக்குள் கடல் தெரிந்தது. அவ்வளவு நாளைக்குப் பிறகு நான் அதை நேராகப் பார்த்தது அப்படித்தான், உன் வீட்டு அளவுக்கு.

"பால் காய்ச்சற அன்னிக்கி அடுப்ப நான் பத்த வைப்பேன். பால நீ ஊத்தணும். வரலன்னா பேச மாட்டேன்" என்றாய்.

கூரை போடுவதற்குள் மழை வந்துவிட்டது. நீங்கள் தங்கியிருந்த தகரக் கொட்டகைக்குள் தண்ணீர். உனக்குக் காய்ச்சல் என்றார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உனக்காக ரொட்டி வாங்கி வைத்திருந்தேன். வேன் கிளம்பவில்லை. நீ போய்விட்டாய் என்று சாமியார் வெளியே வந்து சொன்னார்.

அன்று அப்பாதான் என்னை உங்கள் ஊருக்குக் கூட்டிவந்தார். உன்னைத் தூக்கிப்போகும்போது பட்டாளத்தில் நிற்பதுபோல் விறைத்து நின்றார். வீட்டுக்கு வந்ததும், "ஒரு தடவ ஒன்ன இழுத்துக்கினு ஓடி வந்தேன். போதும். இனிமே அந்தப் பக்கம் போகாத" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எதிர்த்துப் பேசியிருப்பேனோ என்னவோ. அவர் குரல் உடைந்திருந்தது. அதற்குப் பிறகு நான் போகவில்லை. மற்றவர்கள் போய்க் கட்டி முடித்தார்கள்.

நாளைக்குத்தான் உன் வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள்.

நேற்று உன் அம்மா மீன் கூடையோடு எங்கள் தெருவுக்கு வந்தாள். வாசலில் நின்று என் கன்னத்தைத் தொட்டு, "அடுப்பு அவ பத்த வைக்க வேண்டியது. அவளுக்கும் சேத்து நீ வா, கண்ணு" என்றாள். வளையம் இருந்த இடத்து ஓட்டையில் காற்று வருகிறதென்று துணியைத் திரித்து அடைத்து வைத்திருக்கிறாளாம். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்பா உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

சொல்லாமல் போய்விடலாம். காலைப் பூசைக்கு என்று கிளம்பி, அங்கிருந்து வேனில் ஏறிவிடலாம். சாயங்காலத்திலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இதை எழுத எழுத அது பிடிக்கவில்லை. நீ எங்கள் வாசலுக்கு நேராக வந்துதானே கேட்டாய்? திருட்டுத்தனமாக வந்தால் அந்தக் கதவில் எப்படி நுழைவேன்? காலையில் எழுந்ததும் அவர் எதிரில் போய் நிற்பேன். குரல் வராவிட்டாலும் நிற்பேன். குண்டு கையில் இருக்கிறது. வேர்வையில் சூடாகிவிட்டது.

கூடத்தில் நாற்காலி நகர்கிறது. நடந்து வருகிறார். எப்போதும் இந்தச் சத்தம் கேட்டதும் விளக்கை அணைத்துப் போர்த்திக்கொள்வேன். இன்றைக்கு அணைக்கப்போவதில்லை.

தட்டுகிறார். கையால் தட்டுகிற சத்தம் இல்லை இது. டங், டங் என்று, அந்த வளையத்தால்