கோல் போஸ்ட்டைக் கட்டிப்பிடித்த மச்சானுக்கு

என் உசுரு மச்சான் கலியமூர்த்திக்கு,

வர்ற ஐப்பசியோடு நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. எனக்கு எழுத்து வராது, உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் மகள் கோமதி எழுதுகிறாள். "கெட்ட வார்த்தையெல்லாம் எழுத மாட்டேம்பா" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அதனால் உன்னைத் திட்ட வேண்டியதில் பாதி என் வாயோடு நிற்கப்போகிறது.

ஆமாம், திட்டத்தான் போகிறேன். அதற்கு முன்னால் ஒன்று. உனக்குச் செய்த சத்தியத்தை மீறிவிட்டேன். விஷயம் வெளியே போய்விட்டது. உனக்கு மட்டும் எதற்கு மறைக்க வேண்டும்?

முதுநகர்ப் பையன்கள் இன்றைக்கும் ஆட்டம் தொடங்கும் முன்னால் கோல் போஸ்ட்டைக் கட்டிப்பிடிக்கிறார்கள். குங்குமம்கூட வைக்கிறான் ஒருத்தன். ஏன்டா என்று கேட்டால், "கலியமூர்த்தி அண்ணன் கல்கத்தாவுல இப்புடித்தான் கும்புடுவாராம். அதான் அவரத் தாண்டி பந்து போவாதாம்" என்கிறான். நீயாவது கும்பிடுறதாவது! திருவந்திபுரம் கோயிலுக்கு வந்தால்கூட, எல்லாரையும் உள்ளே அனுப்பிவிட்டு வெளியே செருப்புக்குக் காவல் நிற்கிற ஆள் நீ.

மஞ்சக்குப்பம் மைதானத்தில் பாண்டிச்சேரிக்காரர்களோடு ஆடினாயே, அன்றைக்குத்தான் நீ போஸ்ட்டைக் கட்டிப்பிடித்ததை நான் முதலில் பார்த்தேன். துறைமுகத்தில் மூட்டை இறக்கி முடித்தால் எனக்கு இடம் உன் போஸ்ட்டுக்குப் பின்னால்தான். இடது பக்கம் பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டாய். எழுந்தபோது தோள் இறங்கித் தொங்கியது. கையைப் போஸ்ட்டைச் சுற்றிக் கோத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாய். டக் என்று சத்தம். மூட்டு உள்ளே போய்விட்டது. ஜனங்கள் பக்தி என்று நினைத்துக் கைதட்டினார்கள். உன் முகம் என் பக்கம் இருந்தது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

"அஞ்சலை மேல சத்தியம் பண்ணு மச்சான். வெளிய தெரிஞ்சா கல்கத்தாக்காரன் என்னக் கூப்புட மாட்டான்" என்றாய். என் தங்கச்சியை நீ கட்டி ஒரு பொங்கல்கூட வரவில்லை அப்போது. அவள் தலை மேல் சத்தியம் என்றால் நான் என்ன செய்வேன்? செய்தேன்.

கல்கத்தா கிளப்புக்காரன் கூப்பிட்டான். பந்து பிடிக்கச் சம்பளம் என்றதும் துறைமுகத்தில் ஒருத்தரும் நம்பவில்லை. "மத்தவன் ஓடுறான், சரி. இவன் சும்மா நிக்கிறான், இவனுக்குமா?" என்று மேஸ்திரி கேட்டதும் எல்லோரும் சிரித்தோம். போன புதிதில் உன்னை வெளியே பெஞ்சில்தான் உட்கார வைத்தார்கள். முதல் கீப்பருக்கு மஞ்சள் காமாலை வந்தது, நீ உள்ளே போனாய். அதற்குப் பிறகு அவன் இடம் அவனுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. நீ போஸ்ட்டைக் கட்டிக்கொண்டு நிற்கிற படம் பேப்பரில் வந்தது. டீக்கடையில் படித்துக் காட்டினார்கள். கோல் போஸ்ட்டை வணங்கும் காவலன் என்று போட்டிருந்ததாம். எல்லோரும் பெருமைப்பட்டார்கள். நான் பாதி டீயோடு எழுந்து வேலைக்குப் போய்விட்டேன்.

கடைசியில் ஒரு மழை நாளில் போஸ்ட்டு உனக்குக் கை கொடுக்கவில்லை. சாய்ந்தாய், மூட்டு ஏறவில்லை. மறுபடி சாய்ந்தாய். நீ கீழே விழுகிற வரைக்கும் அந்த ஜனம் கைதட்டிக்கொண்டே இருந்தது என்று நீதானே என்னிடம் சொன்னாய்? அதோடு உன் ஆட்டம் முடிந்தது. செம்மங்குப்பத்தில் கம்பெனி கேட்டைத் திறந்து மூடுகிற வேலைக்கு வந்தாய். சட்டை போட்டுவிட அஞ்சலை வேண்டும், தலை சீவிவிட அஞ்சலை வேண்டும். எத்தனையோ பேர் உதைத்த பந்தைப் பிடித்த ஆள், பெற்ற பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுப் பிடிக்க முடியாமல் நின்றாய். தேவியை அப்படித் தூக்கிப் போட்டு விளையாடியது நான்.

அந்த தேவிதான் இப்போது பெங்களூர் கிளப்பில் சம்பளத்துக்கு ஆடுகிறாள். அங்கே அவளும் பெஞ்சுதான். போன மாசம் லீவுக்கு வந்தவள், சிதம்பரத்தில் நடந்த போட்டியில் நம் கடலூர் பெண்கள் அணிக்கு நின்றாள். கோவாவிலிருந்து ஒரு கிளப்பின் ஆட்கள் அவளைப் பார்க்கவே வந்திருந்தார்கள். பைனலில் நல்லபடியாக ஆடினால் ரெண்டு வருஷ ஒப்பந்தம், முதல் கீப்பர் இடம். அஞ்சலை மூன்று நாளாக வாயில் வெறும் காபியைத் தவிர ஒன்றும் வைக்கவில்லை.

அரையிறுதியில் தேவி இடது பக்கம் பாய்ந்தாள். எழுந்தாள். நேரே போஸ்ட்டுக்கு வந்து கட்டிக்கொண்டாள்.

"அப்பன் மாதிரியே கும்புடுது பாரு!" என்று பக்கத்தில் ஒருத்தர் கையைத் தட்டினார். மச்சான், அவள் முகமும் என் பக்கம்தான் இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் தனியாகப் பிடித்தேன். "எத்தினி நாளா எறங்குது?"

"என்னாது எறங்குது? உனக்குத்தான் கண்ணு எறங்கிடுச்சி மாமா. கண்ணாடிய மாத்து."

"இடது கையத் தூக்கு பாப்போம்."

சிரிப்பு போய்விட்டது. "பைனலு முடியட்டும் மாமா. கோவாக்காரங்க கையெழுத்து வாங்கிட்டா அவுங்களே வைத்தியம் பாத்துடுவாங்க. அது வரைக்கும் சமாளிச்சிக்குவேன்."

"எப்புடி ஏத்திக்கிறதுன்னு எவன் சொல்லிக் குடுத்தான்?"

"அப்பாதான். சாவுறதுக்கு முன்ன போஸ்ட்டுல நின்னு காட்டுனாரு. உன்கிட்டச் சொல்ல வேணாம்னாரு."

இங்கேதான் கோமதி எழுத மாட்டேன் என்கிறாள். சரி, விடு. கேள்வியாகவே கேட்கிறேன். தலை சீவ முடியாத கையை வைத்துக்கொண்டா அவளுக்கு அதைக் காட்டிக் கொடுத்தாய்? அவளுக்குத் தோள் போனது தெரிந்த அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போக உனக்கு என்ன கேடு? உனக்குக் கிடைக்காமல் போனது அவளுக்காவது கிடைக்கட்டும் என்று நினைத்தாயா? உன்னிடம் பதில் இருந்திருக்கும். அதைக் கேட்க எனக்கு வழி இல்லை.

பைனலுக்குத் தனியாகத்தான் பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம் வரைக்கும் சொல்லிவிடுவது என்றிருந்தேன். புதுச்சத்திரம் வந்ததும் மனசு மாறிவிட்டது. அவள் பிழைப்பைக் கெடுக்க நான் யார்? சிதம்பரத்தில் இறங்கும்போது என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

மைதானத்தில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். தேவி கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். இடது கையுறையை மாட்ட வலது கையால் இழுக்கவில்லை மச்சான், பல்லால் கடித்து இழுத்தாள். வலது கையால் அவள் இடது முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

கிட்டே போனேன். "நீயே போய் கோச்சுகிட்ட சொல்லு. இல்லன்னா நான் சொல்றேன்."

"சொன்னீனா இந்த ஜென்மத்துல உன்ன மாமான்னு கூப்புட மாட்டேன்."

கூப்பிடாவிட்டால் போகிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் கூப்பிடுகிற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை வருஷம் முதுநகரிலிருந்து எல்லா மைதானத்துக்கும் போய்க்கொண்டிருந்தேன். ஆனாலும் நடந்தேன்.

கோச்சு ஒரு அம்மா, கண்டிப்பான ஆள். உன் தோள் கதையையும் சேர்த்து நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நேரே தேவியிடம் போனார். "ரெண்டு கையையும் மேல தூக்கும்மா." வலது கை போனது. இடது கை காது வரைக்கும் வந்து நின்றது. அதற்கு மேல் தூக்கினால் கழன்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். கோவாக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேவி என்னைத்தான் பார்த்தாள். கோச்சு அம்மா அவள் கையுறைகளைக் கழற்றி இன்னொரு பெண்ணிடம் கொடுத்தார்.

ஒரு கோலில் தோற்றோம். அந்தப் பந்து தேவி பிடித்திருக்கக்கூடியது. கோவாக்காரர்கள் விசிட்டிங் கார்டு கொடுத்துவிட்டு, சரியானதும் பேசலாம் என்று போய்விட்டார்கள். பேசுவார்களா? எனக்குத் தெரியாது.

நாளைக் காலையில் பாண்டிச்சேரியில் தேவிக்கு ஆபரேஷன். இன்னும் ரெண்டு மூன்று முறை கழன்றிருந்தால் எலும்பு தேய்ந்து உன் கை மாதிரியே ஆகியிருக்கும் என்றார் டாக்டர். இப்போது கை சரியாக வாய்ப்பு இருக்கிறது, ஆனால் திரும்ப ஆடுவாளா என்று கேட்டால் அவரும் பிடி கொடுத்துப் பேசவில்லை. அஞ்சலை தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்: "மாமாவ ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லாதன்னு சொல்லுது அண்ணே."

நான் போவேன் மச்சான். உள்ளே போக மாட்டேன். வாசலில் பெஞ்சு இல்லாவிட்டால் தரையில் உட்கார்ந்திருப்பேன். கை சரியாகும் வரைக்கும் அவளை எந்த மைதானத்திலும் இறங்க விட மாட்டேன். சரியான பிறகு எந்த ஊரில் ஆடினாலும் பின்னால் நான் இருப்பேன், அவள் திரும்பிப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும். அஞ்சலை மேல் செய்த சத்தியத்தை உடைத்தவன்தான் சொல்கிறேன். இதை உடைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
அவள் கூப்பிடாவிட்டாலும் அவளுடைய தாய்மாமன்,
உன் மச்சான் ராஜவேலு,
முதுநகர்.