பையில் எழுதிய பெயர்

அன்புத் தங்கச்சிக்கு,

ஒருவரும் நம்பாத கதை சொல்லப்போகிறேன். உன் மகள் குண்டூசி இதோ என் பக்கத்தில் படம் வரைகிறாள், பதறாமல் படி.

நேற்று பள்ளி விட்டபின் அவள் விளையாடப்போகும் மையத்துக்குப் பனைமர உயரத்தில் ஒருவன் வந்தான். "குண்டூசி, அம்மா அனுப்பினாங்க, வா போலாம்" என்றான். அவளும் செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசல் டீச்சர் நோட்டைப் புரட்டி, "கூட்டிட்டுப் போறவங்கள்ல உங்க பேர் இல்லையே, சார்" என்று கதவைத் தாழிட்டார். அவன் உறுமியதில் ஏழு தெருவுக்கு விளக்கு அணைந்தது. நான் பாய்ந்து வந்து அவனைக் கடலுக்கு அப்பால் வீசினேன்.

சரி, உயரம், உறுமல், வீச்சு எல்லாம் புளுகு. நான் போகுமுன்பே அவன் நழுவிவிட்டான். தாழிட்ட கதவும், அவன் வாயில் வந்த அந்தச் செல்லப்பெயரும் மட்டும் நிஜம்.

அதை அவள் பையில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தவன் நான்தான். நாலு முறை தேய்த்தும் மை போகவில்லை.

உன் அண்ணன்