கட்டிங் மெஷினின் ஆயுள்

ஜூன் 1
அச்சகத்துக்குப் புதிதாக வாங்கிய கணக்கு மென்பொருளை இன்று நான்தான் அமைத்தேன். காகித இருப்பை எந்த விலையில் மதிப்பிடுவது என்று கேட்டது. அப்பா சிரித்தார். “பழைய ரீம் மேலயே புதுசையும் அடுக்கிடறோம். எது எப்ப வாங்கினதுன்னு நெத்தியிலயா எழுதியிருக்கு?” சராசரி விலை என்று வைத்தேன். அடுத்தது தேய்மானம். கட்டிங் மெஷின் ஒன்பது லட்சம். அந்த விலையை மாதாமாதம் ஒரே அளவாகச் செலவில் கழித்துக்கொண்டே வரும் முறை. ஆயுள்? “பத்து வருஷம் கண்டிப்பா ஓடும்.” 10 என்று அடித்தேன். பைண்டிங் வேலை பார்க்கும் அக்கா பசைக்கையோடு எட்டிப் பார்த்து, “மெஷினுக்கு ஆயுசு எழுதறது நீதானா? எனக்கும் கொஞ்சம் கூட்டி எழுதுடி” என்றாள்.

ஜூலை 1
ஜூன் மாதக் கணக்கு வந்தது. ஐம்பதாயிரம் நஷ்டம். அப்பா திரையைப் பார்த்தபடியே நின்றார்.

ஜூலை 4
அப்பா அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. “அவளை நிறுத்தினாதான் தாக்குப்பிடிக்க முடியும். பைண்டிங்கை நாமளே பாத்துக்கலாம்.”
“பதினாலு வருஷமா இருக்கறவளையா?”
“கணக்கு சொல்லுதே, நான் என்ன பண்ண?”

ஜூலை 7
எல்லோரும் தூங்கியபின் போர்வைக்குள் எழுதுகிறேன். இன்று மென்பொருளை மறுபடி திறந்து பார்த்தேன். ஆயுள் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் — மாதங்களில். பத்து வருடம் ஓடவேண்டிய மெஷினைப் பத்தே மாதத்தில் தேய்த்துவிட்டேன்! மாதம் ஏழாயிரத்து ஐந்நூறு கழியவேண்டிய இடத்தில் தொண்ணூறாயிரம். 120 என்று மாற்றிப் பார்த்தேன். முப்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு லாபம். உடனே பயந்துபோய் மறுபடி 10 ஆக்கிவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன்? ‘எம் பொண்ணு போட்ட கணக்கு’ன்னு அப்பா ஊரெல்லாம் சொல்லிட்டாரே. எந்த முகத்தோட சொல்றது?

ஜூலை 8
சொல்லவில்லை.

ஜூலை 10
வாய்வரை வந்தது. “என்னம்மா?” என்றார் அப்பா. பேனா வேணும்னுட்டேன்.

ஜூலை 12
அக்காவை அனுப்பிவிட்டார். ஊசி, கத்தரி எல்லாவற்றையும் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். என் கன்னத்தைத் தட்டி, “நல்லாப் படிடி” என்றாள். ஐயோ, என்ன பண்ணிட்டேன்!

ஜூலை 13
சொல்லிவிட்டேன். அப்பா கத்தவில்லை. அதுதான் தாங்கவில்லை.
“எப்ப தெரியும்?”
“ஆறு நாளா.”
செருப்பை மாட்டிக்கொண்டு என்னையும் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே நானே எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா என்னைத் திட்டவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள். “சின்னப் பொண்ணு, தப்பா அடிச்சுட்டா. விடுங்க. வேலை ஓடினதைக் கண்ணால பாத்தவராச்சே அண்ணே நீங்க, உங்களுக்கு ஒரு சந்தேகம்கூட வரலியா?”
“திரும்ப வந்துடும்மா” என்றார் அப்பா. அக்கா வரமாட்டாளாம். காலையிலேயே வேறோர் அச்சகத்தில் பேசி முடித்துவிட்டாள்.

ஆகஸ்ட் 31
பள்ளி விட்டதும் நானும் அப்பாவும் புத்தகம் தைக்கிறோம். அம்மா பசை தடவுகிறாள். இன்று மாதக் கணக்கு எடுத்தேன். நாற்பத்தேழாயிரம் லாபம். அக்காவின் சம்பளம் மிச்சம். எங்கள் மூவருக்கும் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு கட்டத்தையும் மூன்று முறை சரிபார்த்தேன்.
ஒரு தப்பும் இல்லை.