மெத்தைக் கடைக்காரர் படுத்த கட்டில்

ஜூன் 9

கடையில் ஒரு மெத்தை விற்றேன். "இதுல படுத்தா உங்கள எழுப்பக் கிரேன் கொண்டு வரணும்" என்றேன். வாங்கியவர் விழுந்து விழுந்து சிரித்தார். பேசியது என் வாய்தான். நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன்.

ஜூன் 10

குடித்தேன். ருசியில்லை. ருசிக்காகவா குடிக்கிறேன்?

ஜூன் 13

செத்துவிடலாம் என்ற எண்ணம் காலையிலிருந்து கூடவே நின்றது, விலை கேட்டுவிட்டு வாங்காமலும் போகாமலும் நிற்கிற ஆள் மாதிரி. குளியலறைத் தரையில் உட்கார்ந்து அக்கா மகளுக்குப் போன் செய்தேன். "எனக்கு நல்லா இல்லை" என்றேன். வேறெதுவும் வரவில்லை.

"கதவத் தெறந்து வைங்க. போன வச்சிடாதீங்க, பேசிக்கிட்டே இருங்க."

வந்தாள். ஒரு காலில் ஷூ, மறு காலில் செருப்பு. சத்தியமாக, இது நான் அளந்துவிடும் சரக்கு இல்லை. நேரே இந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்துவிட்டாள். நெருக்கடிச் சிகிச்சைப் பிரிவாம். பெயரைக் கேட்டால் பீரங்கி நிற்கும் போலிருக்கிறது. உள்ளே ஒரு கட்டில், தண்ணீர் ஜாடி, மெதுவாகப் பேசும் நர்ஸ்.

ஜூன் 14

கை நடுங்குகிறது. டம்ளர் தண்ணீரில் பாதி எனக்கு, பாதி ஊருக்கு. குடி நின்றால் அப்படித்தான், மருந்து இல்லாமல் தனியாக நிறுத்தினால் ஆபத்து என்றார் நர்ஸ்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பீங்க?"

"ஏழு கடல்."

அவர் சிரிக்கவில்லை. "சரிங்க. ஏழு கடலும் எத்தன பாட்டில்ல வரும்?"

சொன்னேன். என் காதுக்கே புதிதாக இருந்தது.

ஜூன் 15

தூக்கம். மாத்திரை. தூக்கம். இந்த மெத்தையை நான் விற்றிருந்தால் நாடு கடத்தியிருப்பார்கள்.

ஜூன் 16

அக்கா மகள் வந்தாள். "அன்னைக்கு எப்படிடி ஓடி வந்த? நான் ஒண்ணுமே சொல்லலியே?"

"அதான் மாமா. சளி புடிச்சாலே பத்து டாக்டர் கைவிட்டுட்டாங்கம்பீங்க. ஷேவ் பண்றப்ப கீறுனா ரத்த ஆறு. அன்னைக்கு வெறுமன நல்லா இல்லன்னீங்க. கால்ல என்ன மாட்டுனேன்னே பாக்கல."

அழுதாள். நானும் அழவேண்டிய இடம். எனக்கு ஏன் வரவில்லை? ஜன்னல் கண்ணாடியில் ஓர் ஈ ஏறிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 17

ஒன்றுமில்லை.

ஜூன் 20

என்னை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று அக்கா மகள் காலையிலேயே வந்து என் சட்டைகளைப் பையில் மடித்து வைத்துவிட்டாள். டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நேராவே கேக்கறேன். செத்துப் போயிடணும்னு இன்னும் தோணுதா?"

இல்லை என்றால் மத்தியானம் வீட்டில் இருக்கலாம். வாயில் வசனம் தயார் – எமனே என்னைப் பார்த்து லீவு போட்டுட்டான் டாக்டர். அவரும் சிரித்திருப்பார். அக்கா மகள் பையின் ஜிப்பைப் பிடித்தபடி நின்றாள்.

"தோணுது," என்றேன். "எப்பவும் இல்ல. கண்ணு முழிச்ச உடனே. இன்னைக்கும் தோணுச்சு."

டாக்டரம்மா முகம் மாறவில்லை. "சொன்னது நல்லதாப் போச்சு. இன்னும் கொஞ்ச நாள் இங்க இருங்க. காலைல கண்ணு முழிக்கறப்ப பக்கத்துல ஆள் இருக்கட்டும்."

அக்கா மகள் பையின் ஜிப்பைத் திறந்தாள். சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கினாள். பிறகு கட்டிலோரம் வந்து நின்றாள்.

"தள்ளிப் படுங்க மாமா. கால் வலிக்குது."

தள்ளிப் படுத்தேன்.