வவுனியா பஸ்ஸும் குரக்கன் ரொட்டியும்

நாலந்தாவில் பஸ்ஸை நிறுத்தினால் ரோல்ஸ் பொரிக்கும் வாசம் இன்றும் சீட் வரைக்கும் வருகிறது. இன்று காலை அதே வாசத்தில் உன் ஞாபகம் வந்தது மச்சான். நீ போய் ஒரு வருடமாகிறது.

மாத்தளை – வவுனியா பஸ்ஸில் நான் டிரைவர், நீ கொண்டக்டர். சண்டைக் காலம். ஒவ்வொரு செக்பொயின்டிலும் ஆட்களை இறக்கி, பையெல்லாம் கொட்டிப் பார்ப்பார்கள். மணிக்கணக்கில் காத்திருப்போம். பயத்தில் என் வாய் சும்மா இருக்காது. ரோல்ஸ், கட்லட், பாலில்லாமல் மூன்று கரண்டி சீனி போட்ட பிளேன்டீ. வயிறு ஸ்டியரிங்கைத் தொட்டது. எடை தொண்ணூற்றெட்டு கிலோ.

லைசன் புதுப்பிக்க மெடிக்கல் சோதனைக்குப் போனேன். "பிரஷரும் கூட, எடையும் கூட. இப்படியே கையெழுத்து வைக்க மாட்டேன். மூணு மாசம் தர்றேன்" என்றார் டொக்டர். பஸ்ஸை விட்டால் எனக்கு வேறு தொழில் தெரியாது. உன்னிடம் சொல்லும்போது அழுதே விட்டேன்.

நீ ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் எனக்கொன்று, உனக்கொன்று என்று இரண்டு பார்சலோடு வந்தாய். கேழ்வரகு மாவில் தட்டிய குரக்கன் ரொட்டி, வல்லாரைச் சம்பல், அவித்த கடலை.

"ஒனக்கு எதுக்குடா? நீ ஈர்க்குச்சி மாதிரி இருக்கே."

"நான் ரோல்ஸ் தின்னா நீ பார்த்துக்கிட்டு இருப்பியா? பேசாம சாப்பிடு."

சீனி போன இடத்தில் ஒரு கடி கருப்பட்டி வந்தது. பிறகு அதையும் நிறுத்தினாய். செக்பொயின்டில் நின்றால், "வா, நடப்போம்" என்று பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி நடக்க வைத்தாய். ஒருநாள் ஆமிக்காரன் ஒருவன் பார்சலைப் பிரித்து, கறுத்த ரொட்டியைத் துப்பாக்கி முனையால் குத்திப் பார்த்தான். நீ சிங்களத்தில், "மாத்தயா, அது டிரைவரோட மருந்து" என்றாய். அவன் சிரித்து, ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு வழி விட்டான்.

மூன்று மாதத்தில் பதினோரு கிலோ குறைந்தது. டொக்டர் கையெழுத்து வைத்தார். அதற்குப் பிறகும் நீ பார்சலை நிறுத்தவில்லை. நான்கு வருடம்.

பிறகு காய்ச்சல் என்று படுத்தாய். பத்தே நாள்.

நீ போனபின் எனக்கு எல்லாம் விட்டுப்போயிற்று. நிறுத்திய இடமெல்லாம் தின்றேன். ஒரு மாதத்தில் காற்சட்டைப் பொத்தான் பூட்ட முடியவில்லை. அப்போதுதான் வெட்கத்தை விட்டு உன் வீட்டுக்குப் போனேன். ரொட்டிக்கு மாவு எப்படிப் பிசைவது என்று உன் மனைவியிடம் கேட்டேன்.

தேங்காய் துருவிக்கொண்டே அவள் சொன்னாள்: "அவருக்குக் குரக்கன்னாலே ஆகாதுண்ணே. சின்ன வயசுல இருந்தே தொண்டையில எறங்காது. 'அவன் தனியா தின்னா ரெண்டு நாள்ல விட்டுருவான், எனக்கும் சேர்த்துக் கட்டு'ன்னு சொல்வாரு."

மாவைக் கொடுக்கச் சொல்லி, அங்கேயே உட்கார்ந்து பிசைந்து பழகினேன்.

இப்போது தினமும் நானே கட்டிக்கொண்டு வருகிறேன். பொத்தான் மறுபடி பூட்டுகிறது. அடுத்த மாதம் திரும்பவும் மெடிக்கல், பயமில்லை. உனக்கு இறங்காத சாப்பாட்டை நான்கு வருடம் எனக்காக விழுங்கியிருக்கிறாய். எனக்கு அது இறங்குகிறது மச்சான். நான் விடப்போவதில்லை.