தாமதமானால் திட்டாதே

அன்புள்ள கொலீனுக்கு, அம்மா எழுதுவது. உடம்புக்கு நாங்கள் இருவரும் சுகம்தான், மனசைக் கேட்காதே. நீயும் குழந்தையும் பாஸ்டன் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் பக்கத்து அறையில் படுத்திருக்கும் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

வாஷிங்டனில் பட்ஜெட் போடாமல் இன்னும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதனால் அரசாங்கச் சம்பளம் நின்றுவிட்டது, ஆனால் விமானங்களை இறக்க அப்பா விமான நிலைய டவருக்குப் போயே ஆக வேண்டும். அது முடிந்ததும் கூலிக்கு வீடு வீடாகச் சாப்பாட்டுப் பார்சல் கொடுத்துவிட்டு வருகிறார், கண் பஞ்சடைந்துவிட்டது, ஏதாவது சொன்னால் எரிந்து விழுகிறார். அவர் பழக்கம் உனக்குத் தெரியும், விமானிகளைப் போல நாமும் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், ஒரு வார்த்தை மாறினாலும் விடமாட்டார், சின்ன வயதில் அதற்காக எத்தனை முறை அழுதிருக்கிறாய். செவ்வாய்க்கிழமை அவர் கார் ரிப்பேரில் இருந்தது, வேலை முடிந்ததும் நான்தான் போய் அழைத்து வர வேண்டும். “ஆறு மணிக்குப் பின்கேட்டுக்கு வா, திருப்பிச் சொல்லு” என்றார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே ஏழு மணி, முன்கேட்டு என்றேன். சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் போன் வந்தது, “எங்க இருக்கே?” என்றார். “ஏழுன்னு சொன்னேன், நீங்களும் சரின்னீங்களே” என்றேன். உடனே போனை வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும், “நன்றித் திருநாளுக்குக் கொலீனைப் பஸ்ல வரச் சொல்லு” என்றார். தன் காதையே அவர் நம்பவில்லை என்று புரிந்தது, கோபமும் வந்தது. “பிளேன்ல நம்ம பொண்ணு மட்டுமா வர்றா? மத்த பிள்ளைங்களை யாரு பஸ்ல ஏத்தி விடுவா?” என்று கேட்டுவிட்டேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, லீவு சொல்ல மேலதிகாரிக்குப் போன் செய்தார். “உனக்குமா காய்ச்சல்? சம்பளம் நின்னா எல்லாருக்கும் சேர்ந்தே வருதே” என்று அந்த ஆள் குத்தியது எனக்கே கேட்டது. அப்பா, “காய்ச்சல் இல்ல. தப்பாத் திருப்பிச் சொன்னது என் காதுல விழல. நான் அந்த நாற்காலியில உட்காரக் கூடாது” என்றார். அன்றிலிருந்து வீட்டில்தான் இருக்கிறார், வேலை நிலைக்குமோ தெரியாது, பார்சலுக்கும் போக விடாமல் கார் சாவியை ஒளித்து வைத்திருக்கிறேன்.

நீ விமானத்திலேயே வா. ஆள் குறைந்ததால் இடைவெளி விட்டுத்தான் இறக்குகிறார்களாம், மேலேயே சுற்ற விடுவார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் திட்டுவார்கள், நீயும் சேர்ந்து திட்டாதே. உன் அப்பா தன் வேலையைச் சரியாகச் செய்ததால் வரும் தாமதம் அது.

கர்த்தர் உங்கள் இருவருக்கும் துணையிருப்பார். குழந்தையின் கம்பளித் தொப்பியை மறக்காதே. இறங்கியதும் எந்த வாசல் என்று போன் பண்ணு, நான் திருப்பிச் சொல்வேன், நீ கவனமாகக் கேள்.

உன் அம்மா,
லொரெய்ன்