அக்காவின் பரீட்சைக்காக வைத்திருக்கும் பல்

12-3-1991, செவ்வாய்

அக்காவின் பல் மருத்துவப் பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள். பல் அடைத்துக் காட்ட மாணவர்களே ஆளைக் கூட்டிப் போக வேண்டும். அதற்காகத்தான் என் கடைவாய்ச் சொத்தையைத் தீபாவளியிலிருந்து அடைக்காமல் வைத்திருக்கிறோம்.

இன்று அக்கா ஆவடி ஸ்டேஷனிலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்கவில்லை.

"எல்லாத்தையும் மாத்திட்டாங்கம்மா. எழுத்துல எவ்ளோ வாங்கினாலும் இனிமே பிராக்டிகல்ல தனியா பாஸ் பண்ணணும். கூட்டிட்டுப் போற ஆளோட பல்லைப் பாக்கும்போதே மார்க்காம். வலிக்கிற பல்லுன்னா அங்கயே ஃபெயில்."

அப்பா சிரித்தார். "நம்ம ஆளு ரெடியா கீறா. நீ இன்னாத்துக்கு பயப்படுறே?"

அக்கா டார்ச் அடித்து என் வாயைப் பார்த்தாள். "வலிக்குதாடி?"

"இல்லக்கா."

"ராத்திரில?"

"இல்லவே இல்ல."

நம்பிவிட்டாள். "தங்கம்டி நீ. மிட்டாய் தின்னே, கொன்னுடுவேன்" என்று தலையில் குட்டினாள்.

ஐந்து நாளாக வலிக்கிறது. தண்ணீர் பட்டால் காது வரை இழுக்கிறது. சொன்னால், ஒன்பது நாளில் அவள் வேறு யாரைத் தேடுவாள்? சொல்லாவிட்டால், பரீட்சையில் மார்க் போட வரும் பெரிய டாக்டர் பல்லைத் தொட்டதும் நான் கத்திவிடுவேன். எப்படியும் அவள் ஃபெயில் ஆவது என்னால்தான்.

வலிக்குக் கிராம்பைப் பல்லில் அடக்கிக்கொண்டு எழுதுகிறேன். பக்கத்தில் அக்கா தூங்குகிறாள். எழுப்ப இரண்டு தடவை கையை நீட்டி, இழுத்துக்கொண்டேன். கிராம்பு வாசனையே அவளை எழுப்பி என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் காலேஜில் பல்லுக்குப் போடும் கிராம்புத் தைலத்தால் அவளுடைய வெள்ளைக் கோட்டிலும் தினமும் இதே வாசனைதான். அவளுக்கு எப்படித் தெரியும்?